பதிச்ச காரும் மலிவு ரயரும்

ஒரு கார் தரையைத் தொடுவது நாலே நாலு இடத்தில். ஒவ்வொரு இடமும் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு. எஞ்சின், பிறேக், ஸ்ரியறிங், பாட்டுப்பெட்டி, பின்கண்ணாடியில் ஒட்டின ஸ்ரிக்கர், உள்ளே இருக்கிற சனம் எல்லாம் அந்த நாலு உள்ளங்கைக்கு மேலேதான் நிற்கிறது. இருந்தும் கார்ப் பைத்தியம் பிடித்தவர்களின் செலவுக் கணக்கில் ரயர் கடைசி வரியில்தான் வரும். பெயின்ற், சைலன்சர், லைற் எல்லாம் முடிந்து மிஞ்சின காசுக்கு என்ன கிடைக்குதோ அது.

எங்கட கணக்கை நாங்கள் மற்றப் பக்கத்தில் இருந்து போட்டுப் பார்த்தோம். அதில் தெரிந்ததை எழுதுகிறோம். கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம், ஏனெண்டால் வீதியில் எங்கட ரயருக்கு முன்னால் சைக்கிளில் போறது நீங்கள்தான்.

முதலில் கார். ரொயோட்டா கொரோலா கே.ஈ.70. 1980களின் தொடக்கத்து வண்டி. 1300 சிசி எஞ்சின், எழுபதை ஒட்டின குதிரைவலு, பாரம் ஒரு தொன்னுக்கும் குறைவு. முக்கியமான விசயம், எஞ்சின் பலம் பின் சில்லுக்குப் போகிறது. கிளிநொச்சிப் பக்கத்துப் பெடியங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025இல். அந்த ஐந்து வருசத்தில் எங்களைப் போன்றவர்களுக்குப் புதுக் கார் கனவிலும் இல்லை. நாட்டில் ஏற்கெனவே கிடந்த பழசுகளைத்தான் கழுவித் துடைத்து ஓட வேண்டியிருந்தது. முந்தின சொந்தக்காரர் கட்டையான ஸ்பிறிங் போட்டு நாலு சென்றிமீற்றர் மட்டில் பதிச்சு வைத்திருந்தார். அதாவது கார் தரைக்குக் கிட்ட இறங்கி நிற்கும். பார்க்க வடிவு. வேகத்தடையில் ஏறும்போதுதான் வயிறு கலங்கும்.

இந்தக் காருக்கு இரண்டு வேலை. கிழமை நாளில் வேலைக்குப் போகும், கலியாண வீட்டுக்குப் போகும், எங்களில் ஒருவனின் அம்மாவை மாதம் ஒருக்கா யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கொண்டுபோகும். ஏ9 வழியாக ஆனையிறவு தாண்டி அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறு பரந்தனுக்கு அங்கால் ஒரு அரிசி ஆலையின் சீமெந்து முற்றத்தில் டிரிஃப்ட். ஆலை எங்களில் ஒருவனின் மாமாவுடையது. நெல் காயவிடாத காலத்தில் முற்றம் சும்மா கிடக்கும். மோட்டர் போட்டுத் தண்ணி அடித்து நனைத்துவிட்டு, இருபது முப்பது கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுவோம்.

டிரிஃப்ட் எண்டால் என்ன எண்டு கேட்பவர்களுக்கு: பின் சில்லுகளை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன் சில்லுகளால் காரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக வளைவைக் கடப்பது. யப்பானின் மலைப்பாதைகளில் வளர்ந்த கலை. ‘டிரிஃப்ட் கிங்’ எண்டு பெயர் எடுத்த கெய்ச்சி சுச்சியா அங்கே ஓடினது எங்கட காருக்கு அடுத்து வந்த கொரோலா ஏ.ஈ.86. அதனால் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம் கொண்டாட இடம் உண்டு. ஆனால் எங்கட பக்கம் ரயர் புகையுது எண்டால் சனம் ஹர்த்தால் எண்டுதான் நினைக்கும்.

நாலு ரயரும் ஒரே நேரத்தில் முடிந்தது. சீட்டு எடுத்த காசு கொஞ்சம் கையில் இருந்தது. அங்கேதான் சண்டை தொடங்கினது.

மூன்று கட்சி. ஒரு கட்சி சொன்னது: 15 அங்குல அகல றிம் போட்டு, அதில் ஒடுக்கமான ரயரை இழுத்து மாட்டுவம். காரின் எடுப்பே வேறை. இரண்டாம் கட்சி: நல்ல ரயர் இரண்டு வாங்கி முன்னுக்குப் போடுவம், பின்னுக்கு என்னத்தையாவது போடலாம். டிரிஃப்ட் ஓடுற எல்லாரும் அப்பிடித்தான். மூன்றாம் கட்சி: சாதாரணப் புது ரயர் நாலு. இதைச் சொன்னவனுக்கு ‘மாமா’ எண்டு பட்டம் கிடைத்தது.

இதில் எது மலிவு எண்டு பார்க்க முதல், ரயர் ஏன் இந்த விலை எண்டு ஒரு நிமிசம். இறப்பர் எங்கட நாட்டுக்குப் புதிசு இல்லை. 1876இல் கம்பஹாவுக்குக் கிட்ட ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நட்ட கன்றுகளில் இருந்துதான் இலங்கையின் இறப்பர் தொடங்கினது. இண்டைக்கும் களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வெட்டுகிறார்கள். போர்க்லிஃப்ட் போன்ற வண்டிகளுக்குப் போடுகிற திண்ம ரயர்களை உலகத்துக்கு அனுப்புகிற நாடுகளில் நாங்கள் முன்வரிசை. களனியில் கார் ரயரும் செய்கிறார்கள். பிறகேன் விலை ஏறுது? கார் ரயருக்குள் இயற்கை இறப்பர் ஒரு பங்குதான். செயற்கை இறப்பர், கார்பன் கரி, உருக்குக் கம்பி, நைலோன் நூல், இரசாயனங்கள் எனக் கனக்கச் சாமான் டொலரில் வாங்க வேண்டியவை. 2022 மார்ச்சில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டினபோது, பால் இங்கே வடிஞ்சாலும் ரயரின் விலை டொலரோடதான் போனது. ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. நாளைக்கு மாறிவிடும். எது எதைவிட மலிவு எண்ட கணக்கு மாறாது.

முதல் கணக்கு அளவு. ரயரின் பக்கத்தில் 185/60ஆர்14 எண்ட மாதிரி எழுதியிருக்கும். 185 எண்டால் அகலம், மில்லிமீற்றரில். 60 எண்டால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 வீதம். 14 எண்டால் றிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றையும் வைத்து ரயரின் முழு விட்டத்தை ஒரு கொப்பிப் பேப்பரில் கணக்குப் பார்க்கலாம். பக்கச்சுவர் மேலும் கீழும் இரண்டு தரம் வரும், நடுவில் றிம்.

எங்கட காருக்குப் பார்த்தபோது கிடைத்தது இது. 155/80ஆர்13 எண்டால் 578 மில்லிமீற்றர். 175/70ஆர்13 எண்டால் 575. 185/60ஆர்14 எண்டால் 578. 195/50ஆர்15 எண்டால் 576. நாலும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே உயரம். வித்தியாசம் இறப்பர் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்பதில்தான். 13 அங்குலத்தில் பக்கச்சுவர் 12 சென்றிமீற்றர், 15 அங்குலத்தில் 10 சென்றிமீற்றருக்கும் குறைவு. அந்த இரண்டு சென்றிமீற்றருக்கும் மேலான இறப்பர்தான் கிடங்கில் விழும்போது றிம்மைக் காப்பாற்றுகிறது. கார் ஏற்கெனவே பதிச்சிருந்தால் ஸ்பிறிங்கின் ஓட்டமும் குறைவு. இரண்டையும் குறைத்தால் அடியை வாங்க ஒன்றும் மிஞ்சாது.

பதிச்ச காருக்கு இதில் இன்னொரு சிக்கல். கடையில் எப்போதும் கிடைக்கிற அளவுகளில் ஒன்று 195/65ஆர்15. பழைய பிறியஸ் காரின் அளவு என்பதால் எங்கேயும் உண்டு. விலையைப் பார்த்து ஆசை வரும். ஆனால் அதன் விட்டம் 634 மில்லிமீற்றர். எங்கட சில்லைவிட 57 மட்டில் கூட, அதாவது மேல்பக்கம் மட்டும் 28 மில்லிமீற்றர் மட்டில் உயரும். நாலு சென்றிமீற்றர் பதிச்ச காரில் மட்கார்ட்டுக்குள் அந்த இடம் இல்லை. நேராக ஓடும்போது தெரியாது. ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது தகரம் ரயரைக் கீறும். ஆகவே பதிச்ச கார்க்காரருக்கு எங்கட முதல் சொல்: ரயரைப் பூட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. ஒரு சில்லைக் கட்டைக்கு மேல் ஏற்றி, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, எங்கே முட்டுது எண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகு காசு கொடுங்கோ.

முதல் கட்சியின் இழுத்து மாட்டுற யோசனை இங்கேயே விழுந்தது. 185/60ஆர்14 ரயருக்கு 5 முதல் 6.5 அங்குலம் வரை அகலமான றிம் பொருந்தும். அதுக்கு மேல் 8 அங்குல றிம்மில் இழுத்து மாட்டினால் ரயரின் விளிம்பு றிம்மைப் பிடிக்கிற பிடி குறையும். பக்கவாட்டாகத் தள்ளுகிற வேலையே டிரிஃப்ட். அந்தத் தள்ளலில் ரயர் றிம்மை விட்டுக் கழன்றால் காற்று ஒரே மூச்சில் போகும். வடிவுக்கு அவன் சொன்னது சரிதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கிளினிக் போற காருக்கு அது இல்லை.

இரண்டாவது கணக்கு வயசு. பாவிச்ச யப்பான் ரயர் வாங்கினால் ஒரு புதுசின் காசுக்கு இரண்டு எடுக்கலாம் எண்டு ஒருவன் சொன்னான். போய்ப் பார்த்தோம். பள்ளங்கள் ஆழமாக, கறுப்புப் பொலிஷ் போட்டு மினுங்கிக்கொண்டு இருந்தது. கடை அண்ணை நல்ல மனுசன். எங்களை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தம்பியவை, உது வடிவா இருக்கும். ஆனா கிழடு. நம்பரைப் பாருங்கோ.”

ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. எண்ட எழுத்துக்குப் பிறகு வருகிற வரியின் கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த நாள். 2319 எண்டால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. ஐந்து வருசம் கடந்த ரயரை ஒவ்வொரு வருசமும் பரிசோதிக்க வேண்டும், பத்து வருசத்துக்கு மேல் பார்வைக்கு எப்படி இருந்தாலும் ஓடக்கூடாது எண்டு பெரிய ரயர் கம்பனிகளே சொல்கின்றன. இறப்பர் வெயிலுக்கும் காற்றுக்கும் இறுகும். இறுகினால் பள்ளம் இருந்தும் ஈரத்தில் பிடிக்காது. எங்கட வன்னி வெயிலில் வெளியில் நிறுத்தி வைக்கிற காருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. நாங்கள் பார்த்த சோடியில் ஒன்று பத்து வருசத்தைத் தாண்டியிருந்தது.

அதே குவியலில் இன்னொரு சோடி இருந்தது. பள்ளங்களுக்கு நடுவில் பிளேட்டால் கீறின மாதிரி நெருக்கமான மெல்லிய கோடுகள். தொட்டால் பஞ்சு மாதிரி. அது பனியில் ஓடுற ரயர். யப்பானின் குளிருக்குச் செய்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்டட்லெஸ்’ எண்டு எழுதியிருக்கும். அந்த மென்மையான இறப்பர் சூடான தார் வீதியில் உழன்று தேயும், மழைத் தண்ணியில் சாதாரண ரயரைவிடக் குறைவாகப் பிடிக்கும். பனியே இல்லாத நாட்டில் அதை வாங்கி ஓடுறவர்கள் இருக்கிறார்கள், பள்ளம் ஆழம் எண்டு நம்பி.

பழசே வாங்கக்கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. வயசு நாலுக்குள், இரண்டும் ஒரே சோடி, பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ இல்லை, உள்பக்கம் ஒட்டுப் போட்ட அடையாளம் ஒன்றுக்கு மேல் இல்லை எண்டால் பாவிச்சதும் நல்ல பேரம்தான். ஆனால் கழற்றி உள்பக்கத்தைக் காட்ட மறுக்கிற இடத்தில் நிற்கக்கூடாது.

மூன்றாவது கணக்கு பழைய ரயர் சொன்ன கதை. எங்கட முன் ரயர் இரண்டும் உள்பக்க விளிம்பில் மொட்டை, வெளிப்பக்கம் பாதிப் பள்ளம் இன்னும் இருந்தது. காரைப் பதிச்சால் முன் சில்லுகளின் மேல்பக்கம் உள்ளே சாயும். அதைவிட மோசம், சில்லுகள் நேராகப் பார்க்கிற கோணமும் மாறும். அந்த இரண்டாவதைத்தான் டோ எண்டு சொல்கிறார்கள். டோ பிழைத்தால் ரயர் ஒவ்வொரு மீற்றரும் கொஞ்சம் பக்கவாட்டாக உரஞ்சிக்கொண்டே போகும். எங்கட கே.ஈ.70இல் சாய்வைத் திருத்தக் கம்பனி வசதி வைக்கவில்லை, ஆனால் டோவைத் திருத்தலாம். பின்னுக்கு ஒரே அச்சு என்பதால் பதிச்சாலும் சில்லு சாயாது. இதன் அர்த்தம், புது ரயர் போட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால், அதே உள்விளிம்பு திரும்ப மொட்டை. அலைன்மென்ட் செலவு ஒரு ரயரின் விலையில் சின்னத் துண்டு. எது மலிவு எண்டு கேட்டால் முதல் பதில் ரயரே இல்லை, அதுதான்.

இனி இரண்டாம் கட்சி. இதுதான் எங்களைக் கனநாள் குழப்பினது, ஏனெண்டால் அவன் சொன்னதில் பிழையில்லை. டிரிஃப்ட்டுக்கு முன்னுக்கு நல்ல பிடி வேண்டும், பின்னுக்குப் பிடி குறைய வேண்டும். அதிலும் எழுபது குதிரைவலுக் காருக்குப் பின்னால் அகலமான, ஒட்டுகிற ரயர் போட்டால் வழுக்கவே வழுக்காது. கார் இழுத்து நின்றுவிடும். ஒடுக்கமான, இறுகின ரயர்தான் எங்கட எஞ்சினுக்கு ஏற்றது. ஆகவே நல்லதை முன்னுக்குப் போடு.

ஆனால் வீதியில் விதி நேர் எதிர். இரண்டு ரயர்தான் மாற்றக் காசு இருக்கு எண்டால், புது இரண்டையும் பின்னுக்குப் போடச் சொல்லித்தான் ரயர் கம்பனிகள் சொல்லும், எஞ்சின் எந்தச் சில்லை ஓட்டினாலும். காரணம் லேசு. மழையில் முன் ரயர் பிடி விட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும், சாரதிக்கு ஸ்ரியறிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் ரயர் பிடி விட்டால் கார் சுழலும். டிரிஃப்ட் எண்டு நாங்கள் ஆலை முற்றத்தில் விரும்பிச் செய்வதை, ஆனையிறவு வெளியில் எழுபதில் போகும்போது கார் எங்களைக் கேட்காமல் செய்யும். எதிரில் பஸ் வரும்.

இரண்டு வேலையும் ஒரே காருக்கு. ஒன்று நல்லதை முன்னுக்குக் கேட்குது, மற்றது பின்னுக்குக் கேட்குது. ‘வீதிக்கும் சரி, டிரிஃப்ட்டுக்கும் சரி’ எண்டு ஒரே சோடியைத் தேடுவது இதனால்தான் முடிவில்லாத வேலை. நடுவில் நிற்கிற ரயர் இரண்டு இடத்திலும் அரைகுறையாக நிற்கும்.

அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கட வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவ தானாகச் சொன்னா.

“என்னத்தையாவது போடுங்கோ. மழைக்குள்ள பிறேக் அடிச்சா நிண்டாச் சரி.”

அதோட வீதிக்கணக்கு முடிந்தது. வீதியில் எங்கட காருக்கு முன்னால் நிற்கிற ஒருவரும் எங்கட விளையாட்டுக்கு ஓம் எண்டு சொன்னவர்கள் இல்லை. கையில் இருக்கிற காசு முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். 185/60ஆர்14, ஒரே கம்பனி, ஒரே மாதிரி, நாலும் புதுசு, பெரிய பெயர் இல்லாத நடுத்தர விலை. பாரச் சுட்டெண் 82, அதாவது ஒரு ரயர் 475 கிலோ தாங்கும். நாலுக்குமாக 1900 கிலோ, எங்கட காருக்கும் உள்ளே ஏறுகிற சனத்துக்கும் தாராளம். வேகக் குறியீடு எச், 210 கிலோமீற்றர் வரை. எங்கட எஞ்சின் அதைக் கனவில்தான் காணும். சில ரயரில் ‘ட்ரெட்வேர்’ எண்டு 200, 400 என ஒரு எண் இருக்கும். கூடினால் மெதுவாகத் தேயும், அனேகமாகப் பிடி கொஞ்சம் குறையும். அந்த எண்ணைக் கம்பனியே தனக்குத் தானே கொடுக்கிறது என்பதால், ஒரு கம்பனியின் இரண்டு ரயரை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

டிரிஃப்ட்டுக்கு? காரோட வந்த 13 அங்குல இரும்பு றிம் வீட்டில் கிடந்தது. ரயர் கடைகளின் பின்பக்கம் கழிச்ச ரயர் மலை மாதிரிக் கிடக்கும். தேய்மான அடையாளம் வரை, அதாவது பள்ளம் 1.6 மில்லிமீற்றர் ஆகும்வரை தேய்ந்து, வீதிக்கு உதவாது எண்டு கழற்றிப் போட்டது. அதில் 155/80ஆர்13, அல்லது 175/70ஆர்13. கம்பி தெரியக்கூடாது, புடைப்பு இருக்கக்கூடாது, இரண்டும் ஒரே அளவு. தேத்தண்ணிக் காசும் பூட்டுற கூலியும்தான் செலவு. முன்னுக்கு வீதி ரயரே நிற்கும், புதுசு, நல்ல பிடி. பின்னுக்கு மட்டும் ஆலை முற்றத்தில் வைத்து இரண்டு சில்லை மாற்றுவோம். மேலே போட்ட விட்டக் கணக்கு இங்கே உதவினது. 13 அங்குலமும் 14 அங்குலமும் வெளியில் ஒரே உயரம் என்பதால் கார் ஒரு பக்கமும் சாயாது. இரும்பு றிம்முக்கும் அலோய் றிம்முக்கும் நட்டு வேறையாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின் ரயருக்குக் காற்று 40 பி.எஸ்.ஐ. மட்டில் அடிப்போம், ரயரில் எழுதின உச்ச அளவைத் தாண்டாமல். பிடி இன்னும் குறையும், விளிம்பும் றிம்மை இறுக்கிப் பிடிக்கும். நனைந்த சீமெந்தில் ரயர் சூடேறாது, மெதுவாகத்தான் தேயும். ஒரு சோடி பல ஞாயிறு தாங்கும். டிஃபரன்ஷியலை வெல்ட் பண்ணச் சொல்லிக் கனபேர் சொன்னார்கள். செய்தால் டிரிஃப்ட் லேசு. ஆனால் வீதியில் ஒவ்வொரு திருப்பத்திலும் பின் ரயர் இரண்டும் இழுபட்டுத் தேயும், மழையில் பின்பக்கம் விலகப் பார்க்கும். கிளினிக் கார் என்பதால் அதை நாங்கள் தொடவில்லை. நனைந்த தரையும் ஹான்ட் பிறேக்கும் காணும்.

ஒரு கட்டாயம் உண்டு. கழிச்ச ரயரோட கார் ஆலைக் கேற்றைத் தாண்டாது. எவ்வளவு இருட்டினாலும், எவ்வளவு களைத்தாலும், மாற்றிப் பூட்டின பிறகுதான் வீதி.

இன்னொன்று பார்க்க வருகிறவர்கள் பற்றியது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ஓட்டப் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்களுக்குள் பாய்ந்ததில் 7 பேர் செத்தார்கள். அதில் 8 வயதுப் பிள்ளையும் ஒன்று. அது முறையாக ஒழுங்கு செய்த போட்டி. எங்களிடம் இருப்பது ஒரு ஆலை முற்றம். ஆகவே வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. பார்க்கிறவர்கள் ஆலைத் திண்ணையில், தூணுக்குப் பின்னால். சின்னப் பிள்ளை ஒன்று இறங்கி வந்தாலே எஞ்சின் நிற்கும். வெளி வீதியில் ஒருநாளும் இல்லை. இரவில் ஆள் இல்லாத றோட்டு எண்டு நினைக்கிற இடத்தில்தான் மாடு படுத்திருக்கும், லைற் இல்லாத சைக்கிள் வரும்.

இவ்வளவும் சொல்லியும் ஒரு கேள்வி மிச்சம். ரயர் கடையில் நிற்கும்போது ஒரு ஓட்டோ அண்ணை கேட்டார். அவரின் பின் ரயர் இரண்டும் மொட்டை, இன்னும் ஒரு மாதம் இழுப்பம் எண்டு ஒட்டுப் போட வந்திருந்தார்.

“எங்களுக்கு ஓடவே ரயர் இல்லை. நீங்கள் வாங்கி அரைச்சுத் தள்ளுறியளோ?”

அவருக்குச் சொல்ல எங்களிடம் அழகான பதில் இல்லை. எங்கட கார் ரயர் அவரின் ஓட்டோவுக்குப் பொருந்தாது எண்டு சொல்வது பதில் ஆகாது. அவர் கேட்டது அதை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களுக்குள் ஒன்று முடிவானது: அரைக்கிறதுக்கு எண்டு ஒரு ரயரும் காசு கொடுத்துப் புதிசாக வாங்கிறதில்லை. ஏற்கெனவே ஓடி முடிஞ்சதைத்தான் முற்றத்துக்குக் கொண்டுபோறது. கழிச்ச ரயர் கிடைக்காத மாதம் டிரிஃப்ட் இல்லை, அவ்வளவுதான்.

முடிந்த ரயரையும் முற்றத்தில் போட்டுவிட்டு வருவதில்லை. மழைத் தண்ணி தேங்கினால் ரயரைப்போல டெங்கு நுளம்புக்கு நல்ல வீடு வேறில்லை. கடைக்கே திருப்பிக் கொடுப்போம். அவர்கள் எடுக்காவிட்டால் வெட்டி, தண்ணி நிற்காத மாதிரித் துளை போட்டு, மாமாவின் தோட்டத்து வரப்புக்கு முட்டுக் கொடுக்கப் போகும்.

பெரிய பெயர் ரயரை விட்டதில் மிஞ்சின காசு அலைன்மென்ட்டுக்கும் ஒரு சோடி முன் பிறேக் பாட்டுக்கும் சரியாகக் காணுமாக இருந்தது. 15 அங்குலக்காரன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். இரும்பு றிம்முக்கு வெள்ளிப் பெயின்ற் அடிக்கிற பொறுப்பை அவனிடமே கொடுத்தோம்.

கார்த்திகை மழையில் இயக்கச்சிக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே எழும்பினது. பிறேக், ஒரு சின்னக் குலுக்கல், கார் நேராக நின்றது. பின்சீற்றில் அம்மா நித்திரை. எழும்பவில்லை.

உங்களிடம் கார் இல்லாவிட்டாலும் மோட்டார் சைக்கிள் இருக்கும், அப்பாவின் ஓட்டோ இருக்கும். மாரி தொடங்க முதல் குனிந்து அந்த நாலு இலக்கத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் ஒருக்காப் பாருங்கோ. அதுக்குக் காசு தேவையில்லை.